பழி குருமாவின் மேல்: பொதுக் கழிப்பறையும் வயிற்றுக் கிருமிகளும்

கல்லூரி விடுதியில் நான் இருந்த இரண்டாம் ஆண்டு. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் எங்கள் மாடி முழுக்க வயிற்றுப்போக்கு. நாற்பது பேருக்கு நான்கு கழிப்பறைகள். செவ்வாய்க்கிழமை காலை வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தே யாருக்கு அவசரம் அதிகம் என்று சொல்லிவிடலாம். வாந்தி, பேதி, வயிற்றுப் புரட்டல், லேசான காய்ச்சல். ஓரிரு நாளில் ஒவ்வொருவராக எழுந்துவிட்டோம். அதற்குள் விசாரணை என்று ஒன்று நடந்து, ஞாயிறு இரவு பரோட்டாவுக்கு ஊற்றிய குருமாதான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. சமையல் மாஸ்டர் வார்டன் அறைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தீர்ப்பில் இருந்த ஓட்டை பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. குருமா மூன்று மாடிக்கும் பொது. ஒரே சமையல், ஒரே பந்தி. படுத்தது எங்கள் மாடி மட்டும். திங்கள்கிழமை மதியம் ஊரிலிருந்து திரும்பிய மூன்று பேர் குருமாவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை அவர்களும் படுத்தார்கள். எங்கள் மாடிக்கு மட்டும் பொதுவாக இருந்தவை அந்த நான்கு கழிப்பறைகளும், அவற்றில் கிடந்த நான்கு பிளாஸ்டிக் மக்குகளும், ஒரு கைகழுவும் தொட்டியும்தான். என்ன கிருமி என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே மக்தான் குற்றவாளி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். குருமாவை விடுதலை செய்ய இது போதும்.

வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்டதைக் குறை சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். மதியம் பிரியாணி, மாலை பேதி என்றால் பிரியாணிதான் மாட்டும். கெட்டுப்போன உணவில் ஏற்கெனவே ஊறிய நச்சு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் தொற்றும் கிருமிகளில் பல, உள்ளே போய்ப் பெருகுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். டைஃபாய்டுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். எனவே நேற்று முன்தினம் எங்கே போனோம், எதைத் தொட்டோம் என்று யோசிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

வாய்தான் வாசல்

வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பாக்டீரியா உண்டு, வைரஸ் உண்டு, அமீபா போன்ற ஒரு செல் உயிர்களும் உண்டு. காலரா, டைஃபாய்டு, ஷிகெல்லா உண்டாக்கும் சீதபேதி, பச்சைக் குழந்தைகளை வாட்டும் ரோட்டா, வயது பார்க்காமல் எல்லோரையும் பிடிக்கும் நோரோ. குணம் வெவ்வேறு என்றாலும் பாதை ஒன்றுதான். நோயாளியின் மலத்தோடோ வாந்தியோடோ வெளியே வந்து, இன்னொருவரின் வாய் வழியாக உள்ளே போவது. மருத்துவத்தில் இதை மல-வாய் வழி என்பார்கள். பச்சையாகச் சொன்னால், வேறு ஒருவருடைய மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை நாம் விழுங்கியிருக்கிறோம்.

இது ஒன்று மனதில் தைத்துவிட்டால் பொதுக் கழிப்பறையைப் பற்றிய பாதிப் பயம் போய்விடும். மேற்கத்திய வகைக் கழிப்பறையின் இருக்கையில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிச் செருப்புக் காலோடு அதன் மேல் ஏறிக் குந்துகிறவர்கள் நம்மிடையே நிறைய. அப்படி ஏறாதீர்கள் என்று படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து ஒட்டும் அளவுக்கு நிறைய. தொடையின் தோலைத் துளைத்துக்கொண்டு பேதிக் கிருமி எதுவும் உள்ளே போவதில்லை. ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் துடைத்துவிட்டு உட்காரலாம். நாம் அஞ்ச வேண்டியது கைக்கு. வாய்க்குப் போவது அதுதானே. அதிலும் நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். கரண்டி என்ற இடைத்தரகர்கூடக் கிடையாது.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 பொதுக் கழிப்பறைகளில் பல இடங்களில் தடவி எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கதவிலும் குழாயிலும் பெரும்பாலும் மனிதத் தோலின் பாக்டீரியா. இருக்கையை ஒட்டிய பகுதிகளில் குடலின் பாக்டீரியா. தரையில் மண்ணின் பாக்டீரியா. இதுவரை எதிர்பார்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால், ஃபிளஷ் கைப்பிடிகள் சிலவற்றிலும் மண் பாக்டீரியா இருந்தது. கையால் தொடக் கூசி ஷூக் காலால் அமுக்கியிருக்கிறார்கள். அடுத்து வருகிறவர் அதைக் கையால்தான் அமுக்குவார்.

எவ்வளவு உள்ளே போனால் நோய் வரும் என்பது கிருமிக்குக் கிருமி மாறும். காலராக் கிருமி பலவீனமானது. வயிற்றின் அமிலத்தில் பெரும்பகுதி செத்துவிடுவதால், நல்ல ஆரோக்கியம் உள்ளவரைப் படுக்க வைக்கக் கோடிக்கணக்கில் போக வேண்டும். அதனால்தான் அது பெரும்பாலும் அசுத்தமான குடிநீரில் வருகிறது. ஷிகெல்லா அமிலத்தைத் தாங்கும். 10 முதல் 100 வரை போனாலே போதும். நோரோவும் இதே கணக்கு. நோயாளியின் மலத்தில் கோடிகோடியாக வெளியேறும் அந்த வைரஸில் நூறுக்கும் குறைவானது இன்னொருவரை வீழ்த்திவிடும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கழிப்பறைக் குழாயில் படும் ஒரு விரல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். விரலில் அழுக்கு தெரிய வேண்டும் என்பதே இல்லை.

கொழுப்புச் சட்டை இல்லாத வைரஸ்

1968ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய பாதிப் பேர் ஓரிரு நாளில் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். எந்தப் பாக்டீரியாவும் சிக்கவில்லை. சேகரித்து வைத்திருந்த மாதிரியிலிருந்து, 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற விஞ்ஞானி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார். ஊரின் பெயரே வைரஸின் பெயரானது. நார்வாக் வைரஸ் என்பது பிற்பாடு நோரோ ஆயிற்று. தலைமுடி ஒன்றின் குறுக்களவுக்கு இரண்டாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது.

இதன் உடலமைப்பை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சானிடைசரை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல அந்த உறையைச் சோப்பும் ஆல்கஹாலும் சிதைத்துவிடும். உறை போனால் வைரஸ் செத்தது. நோரோவுக்கு அந்தச் சட்டையே கிடையாது. இறுகிய புரதக் கூடு மட்டும்தான். ஆல்கஹால் அதன் மேல் அவ்வளவாக வேலை செய்வதில்லை. கொரோனாக் காலத்தில் கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பழகிய நாம், கழிப்பறையிலிருந்து வந்தும் அதையே செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறோம். நோரோ இருந்தால் அது கையிலேயே இருக்கும், மணத்தோடு.

அப்படியானால் சோப்பு மட்டும் என்ன செய்துவிடும்? கொல்லாது. பெயர்த்து எடுக்கும். தோலின் ரேகைகளிலும் நக இடுக்கிலும் உள்ள எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸைச் சோப்பு நுரை தளர்த்திக் கிளப்பும். ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். தேய்ப்பதும் அலசுவதும்தான் இங்கே மருந்து. 20 விநாடி தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுத்தால் கிளம்பிய கிருமி வாளிக்குப் போகிறது, அடுத்தவருக்குக் காத்திருக்கிறது. வெந்நீர் வேண்டுமென்பதில்லை, பச்சைத் தண்ணீர் போதும். ஓட வேண்டும், அவ்வளவுதான். தொட்டி ஓரத்தில் கிடக்கும் பொதுச் சோப்புக்கட்டியைக் கண்டு அருவருத்துக் கழுவாமல் வருவதைவிட, கட்டியை ஒரு முறை தண்ணீரில் காட்டிவிட்டு அதிலேயே தேய்த்துக் கழுவுவது எவ்வளவோ மேல்.

கையின் பின்னால் போவோம்

கை கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே தவறுகிறது என்பதைப் பார்க்க, ஒரு கையைப் பின்தொடர்ந்து போக வேண்டும். இரவு ரயில் ஒன்றில், விடியற்காலை ஐந்து மணி. முன்னால் இருவர் போய்விட்டு வந்த கழிப்பறை.

கதவை வலது கையால் தள்ளி உள்ளே போகிறீர்கள். தாழ்ப்பாளைப் போடுகிறீர்கள். வண்டி ஆடுகிறது, சுவரில் உள்ள கம்பியைப் பிடிக்கிறீர்கள். சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் மக்கைக் குழாயின் கீழே வைத்துப் பிடிக்கிறீர்கள். மக்கைப் பிடிப்பது வலது கை, கழுவுவது இடது கை; தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு, தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு மக் தண்ணீர் போதவில்லை. குழாயை மறுபடி அமுக்க வேண்டும். வலது கையில் மக் இருக்கிறது. குழாய்க்குப் போவது எது? இடது கை. கழுவிக்கொண்டிருந்த அதே கை.

அந்த ஒரு கணத்தில் குழாயின் தலை அழுக்காகிவிட்டது. சங்கிலி குட்டை என்பதால் அடுத்து மக்கையும் இடது கைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அதன் பிடியும் போயிற்று. உங்களுக்கு முன்னால் போன இருவரும் இதே இடத்தில் இதேபோல்தான் செய்திருப்பார்கள். வலது கைக்கும் இடது கைக்கும் இடையே நாம் கட்டியிருக்கும் மதில் வீட்டுக் கொல்லையில் சொந்தச் செம்போடு இருந்தவரை நின்றது. பொது மக்கில் அது இடிந்துவிடுகிறது.

பிறகு ஃபிளஷ் பொத்தான். பிறகு தாழ்ப்பாள். இந்தத் தாழ்ப்பாளை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைகழுவும் தொட்டி வெளியே இருக்கும் எந்தக் கழிப்பறையிலும், உள்தாழ்ப்பாளைத் திறக்கும் கை கழுவாத கைதான். அதில் விதிவிலக்கே கிடையாது. எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும் வெளியே வந்த பிறகுதான் சோப்பைத் தொட முடியும். ரயில், பேருந்து நிலையம், அலுவலகம், நட்சத்திர ஓட்டல் எல்லாம் இதில் ஒரே சாதி. நுழையும்போது அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட விரலால்தான் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறோம்.

கைப்பேசி வேறு கதை. உள்ளே இருந்தபோது எடுத்து ஒரு செய்தி பார்த்தாயிற்று. வெளியே வந்து கையைப் பத்து முறை கழுவினாலும் கைப்பேசியைக் கழுவப் போவதில்லை. அது நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வரும், இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் குப்புறப் படுக்கும்.

சரி, தொட்டிக்கு வந்துவிட்டோம். ரயில் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அமுக்கினால் வந்து விட்டால் நின்றுவிடும் குழாய். தண்ணீரை மிச்சப்படுத்த நல்ல யோசனை. ஆனால் ஒரு கை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஆக ஒரே நேரத்தில் இரண்டு கைகளை ஒன்றோடொன்று தேய்த்து அலச வழியே இல்லை. பலர் விரல் நுனியை நனைத்துக்கொண்டு போய்விடுவது இதனால்தான். நான் செய்வது இது. ஒரு தடவை அமுக்கி இரண்டு கைகளையும் நனைத்துக்கொள்வேன். அதன் பிறகு தண்ணீரை மறந்துவிட்டு, காகித சோப்பு ஒரு தாளை எடுத்து நுரை வரும்வரை தேய்ப்பேன்: உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்குகள், கட்டைவிரல், ஒரு கையின் நகங்களை மறு உள்ளங்கையில் வைத்துச் சுரண்டல். அதே நுரைக் கையால் குழாயின் தலையையும் ஒரு சுற்று தேய்த்துவிடுவேன். இதுதான் முக்கியம், ஏனென்றால் அலசும்போது அதைத் தொட்டாக வேண்டும். பிறகு ஒரு கையால் குழாயை அமுக்கி, மாற்றி மாற்றி ஒவ்வொரு கையாக அலசல். பின்னால் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

திருகு குழாயிலும் இதே சிக்கல்தான். அழுக்குக் கையால் திறக்கிறோம், சுத்தமான கையால் மூடுகிறோம். விட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். மருத்துவமனைகளில் நீளக் கைப்பிடி வைத்த குழாய் இருப்பது முழங்கையால் தள்ளி மூடத்தான். வீட்டில் அப்படி ஒன்றை மாட்டப் பெரிய செலவு ஆகாது. இல்லாத இடத்தில், கழுவும்போதே குழாயின் திருகையும் நுரையால் தேய்த்து ஒரு கை தண்ணீர் ஊற்றிவிடலாம். கழிப்பறைக்குள் மக்கின் பிடிக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடிக்கும் இதே வைத்தியம்: பயன்படுத்துவதற்கு முன்னால் அதன் மேல் தண்ணீரை ஓட விடுவது.

கழுவிய கையைத் துடைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஈரக் கை, காய்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். வெளியே போகும் கதவின் கைப்பிடியை ஈரக் கையால் பிடித்தால் அங்கே இருப்பது கூடவே வரும். சொந்தக் கைக்குட்டை, காகிதத் துண்டு, எது கிடைத்தாலும் சரி. எல்லோரும் துடைத்து நனைந்து தொங்கும் பொதுத் துண்டு மட்டும் வேண்டாம்.

ஃபிளஷ் அடிக்கும்போது கிளம்பும் சாரலைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். 2022இல் அதே கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடித்துக் காட்டினார்கள்: மூடி இல்லாத பொதுக் கழிப்பறையில் துளிகள் 8 விநாடிக்குள் 1.5 மீட்டர் உயரம் ஏறிவிட்டன. மூடியைப் போட்டுவிட்டு அடித்தால் சரியாகிவிடுமா என்று வேறோர் ஆய்வுக் குழு பார்த்து 2024இல் எழுதியது. வைரஸ் பரவலில் பெரிய வித்தியாசம் இல்லை, இடுக்கு வழியாக வந்துவிடுகிறது, கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதுதான் பலன் தருகிறது என்றார்கள். துளி எவ்வளவு உயரம் போகிறது என்பதும், அதனால் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். நானாக இருந்தால் சாரலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். பல் துலக்கும் தூரிகையைக் கழிப்பறைக்குள் வைக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஒரு பையின் கதை

கழிப்பறைக்குள் பொருள்களை வைப்பதைப் பற்றி, நோய்ப்பரவலைத் துப்பறிபவர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2010 அக்டோபர். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்திலிருந்து சிறுமிகளின் கால்பந்து அணி ஒன்று பக்கத்து மாநிலமான வாஷிங்டனுக்குப் போட்டிக்குப் போனது. சனிக்கிழமை இரவு ஒரு சிறுமிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மற்றவர்களுக்கு ஒட்டக் கூடாது என்று, துணைக்கு வந்த பெரியவரின் அறைக்கு அவளை மாற்றினார்கள். அந்த அறையின் குளியலறையில் இரவு முழுக்க வாந்தியும் பேதியும். மறுநாள் அவளை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர்கள்தான்.

அந்தக் குளியலறையில் ஒரு பை இருந்தது. அணிக்காக வாங்கிய பிஸ்கட், சிப்ஸ், திராட்சை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கடைப் பை, மேலே திறந்திருக்கும். நோய்ப்பட்ட சிறுமி அதைத் தொடவே இல்லை. ஞாயிறு மதியம் வேறோர் அறையில் அந்தப் பை கைமாறி வந்தது, எல்லோரும் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார்கள். அடுத்த ஓரிரு நாளில் அணி வரிசையாகப் படுத்தது. யார் எதைத் தொட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தபோது எல்லாக் கோடுகளும் அந்தப் பையில் போய் முடிந்தன. இரண்டு வாரம் கழித்துப் பையைச் சோதித்தார்கள்; அதன் பக்கவாட்டில் நோரோ இருந்த தடயம் கிடைத்தது. வாந்தி எடுக்கும்போது காற்றில் கிளம்பிய நுண்துளிகள் பையில் படிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: கழிப்பறைக் கிருமி கழிப்பறையிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பொருளின் மேல் ஏறிப் பயணம் செய்யும். விடுதி அறையில் குளியலறைக் கதவின் பின்னால் கொக்கியில் தொங்கும் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், தரையில் வைத்த கைப்பை என்று நம்மிடமும் வாகனங்கள் ஏராளம்.

மணலும் பிளீச்சிங் பவுடரும்

வாந்தியைச் சுத்தம் செய்வதுதான் ஆபத்தான வேலை. ஒரு வாளித் தண்ணீரை வேகமாக வீசி, துடைப்பத்தால் அடித்துத் தள்ளுவது நம் வழக்கம். பார்க்கச் சுத்தமாகிவிடும், துளிகள் சுவரிலும் காலிலும் பக்கத்து அறையிலும் இருக்கும். நான் படித்த தொடக்கப் பள்ளியில் யாராவது வாந்தி எடுத்தால் ஆயா ஓடிப்போய் ஒரு முறம் மணல் கொண்டுவந்து மேலே கொட்டுவார். அவர் செய்தது பாதி சரி. முதலில் மூட வேண்டும், உறிஞ்ச விட வேண்டும்: மணல், சாம்பல், பழைய செய்தித்தாள், எதுவானாலும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாரி எடுத்துப் பையில் கட்டிப் போட வேண்டும்.

மீதிப் பாதி குளோரின். பினாயில் வாசனை வருவதும் நோரோ ஒழிவதும் ஒன்றல்ல. புதிய பிளீச்சிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் போதிய வீரியம் கிடைக்கும். ஊற்றியவுடன் துடைத்துவிடாமல் ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். வாந்தி விழுந்த இடத்தோடு நிறுத்தாமல் குழாய், தாழ்ப்பாள், ஃபிளஷ் பொத்தான், மக்கின் பிடி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். உலோகம் அரிக்கும் என்பதால் பிறகு தண்ணீரால் கழுவிவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறைக்குள் அது நுரையீரலைச் சுட்டுவிடும், உயிரையும் எடுக்கும்.

அலுவலகத்திலோ விடுதியிலோ இது நடந்தால், கழுவ வரும் தூய்மைப் பணியாளரிடம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வெட்கத்தில் சொல்லாமல் நழுவிவிடுகிறோம். அவர் வெறும் தண்ணீரும் துடைப்பமுமாக உள்ளே போகிறார்.

படுத்துவிட்டால்

நோரோவை விரட்ட மருந்து கிடையாது. ஆண்டிபயாடிக் வைரஸைத் தொடாது. ஒன்று முதல் மூன்று நாளில் தானே அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால், திலீப் மகலாநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பீப்பாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்னால் இருப்பது அந்த அனுபவம். உறையில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டு மீதியை மடித்து வைக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு கரண்டியாக.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காமல் வருவது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு கண்கள் குழிவிழுந்திருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து உண்டு. இந்தியாவில் 2016 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வாயில் கொடுக்கிறார்கள்.

வயிறு சரியான பிறகும் இரண்டு வாரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் நோரோ வந்துகொண்டிருக்கும். அதனால் வாந்தியும் பேதியும் நின்று குறைந்தது இரண்டு நாளாவது, நோய்ப்பட்டவர் மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது என்பது விதி. வீட்டில் இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றை அவருக்கு விட்டுவிடலாம். ஒன்றே என்றால் மக்கையாவது தனியாக வைக்கலாம். அடையாளத்துக்கு அதன் காதில் ஒரு சிவப்பு நூல்.

விதி எழுதியவர்கள் நம் வீடுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே வாந்தியைத் துடைப்பதும் துணியை அலசுவதும் ரசம் வைப்பதும் ஒரே ஆள். அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன ஆண்டு என் மகனுக்கு வந்தபோது வேலையைப் பிரித்துக்கொண்டோம். கழிப்பறைப் பக்கம் மனைவி, அடுப்புப் பக்கம் நான். இரண்டாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டான். ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு கூடிப்போய்விட்டது என்றான். ஓஆர்எஸ் என்று நினைத்துக் குடி என்றேன்.